எளாவூர்க் கடிதத்தில் ஒரு சொல்

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பஸ் கண்டக்டரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரைக்கும் நான் சண்டை போடாத ஆள் இல்லை. அப்பேர்ப்பட்ட வாய், திறக்க வேண்டிய ஒரு நாளில் திறக்காமல் போனது. கேட்ட கேள்விக்குச் சிரித்துவிட்டுப் பாதி பதில் சொன்னேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. வீடு செவ்வாப்பேட்டையில். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கண்ட இடத்துக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர் ஒருவர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து தாள்களை டைப் அடித்துக் கொடுக்க ஆள் தேடுகிறார் என்று, நான் படித்த திருவள்ளூர் இன்ஸ்டிடியூட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போய் நின்றேன். வேலை கிடைத்தது.

அவர் மாயவரம் பக்கத்துக்காரர். ஏதோ காரணத்தால் திருவள்ளூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்குக் காதில் எறும்பு புகுந்த மாதிரி. முதல் நாள், மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தட்டுமா என்று கேட்க நினைத்து, "இத்த அப்டிக்கா இஸ்துக்கட்டா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ டைப் அடிக்கிறப்பவும் இப்படித்தான் அடிப்பியா?"

காதெல்லாம் சுட்டது. இன்ஸ்டிடியூட்டிலும் இதே கதைதான். மயிலாப்பூரிலிருந்து மாற்றலாகி வந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், நான் 'இன்னா' என்று சொல்லும்போதெல்லாம் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொள்வார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு 'இன்னா' வாயிலிருந்து வரக் கூடாது. அவர் வீட்டு வாசற்படியில் செருப்போடு சேர்த்து என் பேச்சையும் கழற்றிவிட்டு உள்ளே போவேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்தது ஒரு ராணுவ அதிகாரியின் வாழ்க்கை வரலாறு. கர்னலாக ஓய்வுபெற்று, சென்னையில் இறந்துபோனவர். அவருடைய மகன் ஒரு பெரிய இரும்புப் பெட்டி நிறைய தாள்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். பெட்டியைத் திறந்தால் நாப்தலின் உருண்டை வாசனையும் துருப்பிடித்த கிளிப்பு வாசனையும் ஒன்றாக வரும். டைரிகள், மலைப் பிரதேசத்து வரைபடங்கள், தந்திகள், மனைவிக்கு எழுதிய கடிதங்கள், பார்ட்டிக்கு அழைத்த அட்டைகள், பல் டாக்டரின் சீட்டு. ஒன்றையும் தூக்கிப் போடாத மனிதர் போலிருக்கிறது.

பேராசிரியரின் வேலைமுறை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தாளைப் படித்தால் ஒரு வெள்ளை அட்டை. அதில் மூன்று வரிதான். யார் சொன்னது, எப்போது சொன்னது, என்ன சொன்னது. அந்த அட்டைகளைப் பிஸ்கட் டின்களில் வரிசையாக நிற்கவைத்திருப்பார். அட்டை இல்லாமல் ஒரு வாக்கியம் எழுத மாட்டார். "ஆதாரம் இல்லாம எழுதறதுக்குப் பேரு சரித்திரம் இல்லம்மா, வம்பு" என்பார். இங்கிலீஷ் தாள்களை அவரே படித்துக்கொள்வார். தமிழில் இருந்ததை மட்டும் நான் படித்து, சுத்தமான எழுத்துத் தமிழில் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு விதியும் வைத்திருந்தார். கொச்சை கூடாது. ஐயோ, அம்மா, கடவுளே போன்ற புலம்பல் கூடாது. தகவல் மட்டும் போதும்.

புத்தகத்தில் அவர் மிகவும் சிரமப்பட்ட இடம் ஒன்று உண்டு. சீனாக்காரன் சண்டையின்போது அந்தக் கர்னல், அப்போது மேஜர், வடகிழக்கு மலையில் ஒரு படைப்பிரிவோடு இருந்தார். மேலே ஒரு பாறையில் நாலு சிப்பாய்களைக் காவலுக்கு வைத்திருந்தார். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தபோது மூன்று பேர்தான் இறங்கி வந்தார்கள். நாலாவது ஆள் வரவில்லை. "ஒருவரைக் காணவில்லை, காரணம் தெரியவில்லை" என்று மேஜர் அறிக்கை எழுதியிருந்தார். காரணம் தெரியவில்லை என்று எழுதினால் மேலதிகாரிகள் விடுவார்களா? ஏன் தெரியவில்லை, தேடினாயா, நீ எங்கே இருந்தாய் என்று கேட்டுக் கேட்டு அந்த மனிதரைப் பல வருடம் குடைந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வித் தாள்களே ஒரு கட்டு இருந்தது.

காணாமல் போன சிப்பாய் ஆரம்பாக்கத்துக்காரர். இறங்கி வந்த மூவரில் ஒருவர் பக்கத்து எளாவூர்க்காரர். மற்ற இரண்டு பேர் எந்த ஊர், என்ன சொன்னார்கள் என்றே தாள்களில் இல்லை. எளாவூர்க்காரரை ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். என்ன நடந்தது என்று எழுதி அனுப்பும்படி மேஜர் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் படுக்கையில் கிடந்தபடியே பென்சிலால் ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, கொஞ்ச நாளில் அங்கேயே இறந்துபோனார். கடிதம் தமிழில் இருந்தது. கர்னலோ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவர், தமிழ் சரியாகப் படிக்க வராது. யாரிடமும் கொடுத்துப் படிக்கவும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒன்பது வருடமாக அந்தக் கடிதம் மடித்தது மடித்தபடி பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

அதைப் பிரித்துப் படித்த முதல் ஆள் நான்தான். எங்கள் மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து யாரோ பேசுவது போல இருந்தது. மனுஷன் பேசுவதை அப்படியே எழுதியிருந்தார்.

"ஐயா அவுங்களுக்கு. நா ஆசுபத்திரில கீறேன். காலு ரெண்டும் பனில கறுத்துப்போச்சி. நீங்க கேட்டத எழுதறேன். நாங்க நாலு பேரு மேல இருந்தோம். மூணு நாளா சோறு இல்ல. ஆரம்பாக்கத்தானுக்குத்தான் குளுரு ஜாஸ்தி. எங்கம்பளிய அவனுக்குக் குட்தேன். காலீல எறங்கச் சொல்லி தாக்கல் வந்திச்சி. நாங்க எறங்கறதுக்கு முன்னியே அவன் பூட்டான் பாவி. அவன் ஊட்ல சொல்டுங்க. பொண்ணு சின்னது."

எங்கள் பக்கம் பூட்டான் என்றால், கடைக்குப் போனாலும் பூட்டான்தான், ஒரேயடியாகப் போனாலும் பூட்டான்தான். ஆனால் 'பூட்டான் பாவி' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற சொல் அது. அந்த ஆள் குளிரில் விறைத்துச் செத்துப்போயிருக்கிறார், கம்பளி கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. இதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் இருக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மெஷினில் தாளைச் சொருகினேன், விதிப்படி அடித்தேன்.

'கீறேன்' என்பதை 'இருக்கிறேன்' ஆக்கினேன். 'குட்தேன்' என்பதைக் 'கொடுத்தேன்' ஆக்கினேன். 'பாவி' தகவல் இல்லை, புலம்பல். எடுத்துவிட்டேன். "நாங்கள் இறங்குவதற்கு முன்பே அவன் போய்விட்டான். அவனது வீட்டாருக்குத் தெரிவிக்கவும்." பிழை இல்லாமல் வந்திருந்தது. ரப்பர் போடாமல் ஒரு பக்கம் அடித்தது பெருமையாகக்கூட இருந்தது.

பேராசிரியர் மூலத்தையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பென்சில் எழுத்து அவருக்குச் சரியாகப் புரியவில்லை. ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இது பூட்டான்னு இருக்கே. பூட்டான் நாடா? அந்தச் சமயத்துல நம்ம ஆட்கள் சிலபேர் பூட்டான் வழியாத்தான் தப்பிச்சு வந்தாங்க."

நான் சிரித்துவிட்டேன். கூடவே வெட்கமும் சேர்ந்துகொண்டது. எங்கள் ஊர்ப் பேச்சை ஒரு பேராசிரியர் தேசத்தின் பெயராக்கிவிட்டாரே என்று சிரிப்பு. அந்தப் பேச்சு என்னுடையதும்தான் என்று அவருக்குத் தெரியுமே என்று வெட்கம்.

"இல்ல சார். நாடு இல்ல. கொச்சை. போய்விட்டான்னு அர்த்தம்."

"ஓ, அவ்வளவுதானா" என்றார். அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தார். 'செத்துட்டான்னு அர்த்தம் சார்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அதுவும் பாதிப் பொய். கொச்சையைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு பேராசிரியருக்கு ஒரே உற்சாகம். பத்து நாளில் அந்த அத்தியாயத்தை இங்கிலீஷில் எழுதி முடித்தார். அதையும் நான்தான் டைப் அடித்தேன். என் இங்கிலீஷ் என்ன இங்கிலீஷ்? எழுத்து பார்த்து எழுத்து அடிப்பேன், வேகமாக அடிப்பேன், அர்த்தம் கேட்டால் விழிப்பேன். அதில் 'டெஸர்ட்டட்' என்று ஒரு சொல் எட்டு இடத்தில் வந்தது. டெஸர்ட் என்றால் பாலைவனம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். பனி பெய்கிற மலையில் பாலைவனம் எங்கே வந்தது என்று யோசித்தபடியே எட்டு தடவையும் சரியாக அடித்தேன். கடவுளே, அந்த விரல்களை என்ன செய்வது.

"கர்னல் மேல இருந்த பழி இன்னியோட தீர்ந்ததும்மா. காணாமப் போனதுக்குக் காரணம் கிடைச்சுடுச்சு" என்றார் பேராசிரியர். நானும் தலையாட்டினேன். செத்துப்போனது தெரிந்துவிட்டது, அதனால் பழி தீர்ந்தது என்று நான் புரிந்துகொண்டேன். அந்தச் சிப்பாயின் போட்டோ கிடைத்தால் புத்தகத்தில் போடலாம் என்று, கர்னலின் நோட்டில் இருந்த ஆரம்பாக்கத்து விலாசத்துக்கு ஒரு கடிதம் போடச் சொன்னார். உங்கள் கணவர் பற்றிய தாள்கள் எங்களிடம் உள்ளன, அவருடைய புகைப்படம் இருந்தால் அனுப்பவும் என்று நாலு வரி அடித்துப் போட்டேன்.

பதில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாளே வந்து நின்றார்.

காலை பத்து மணி இருக்கும். ஆரம்பாக்கத்தில் விடியற்காலை பாசஞ்சர் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூரில் இறங்கி, விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருந்தார். முப்பது முப்பத்திரண்டு வயதுதான். நாற்று நட்டுக் கறுத்த கை. கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. அதைப் பார்த்தபோதாவது எனக்குச் சுரீரென்று பட்டிருக்க வேண்டும். இந்த அம்மாளுக்கு இன்னும் யாருமே சொல்லவில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். எழுந்து நாற்காலி போட்டேன், அவ்வளவுதான். அவர் அதில் உட்காராமல் தரையில் குந்திக்கொண்டார்.

"ஐயா, லெட்டரு வந்திச்சி. தபால்காரரு படிச்சிக் காட்னாரு. எங்க ஊட்டுக்காரரு தாளு உங்ககிட்ட கீதாமே."

பேராசிரியரின் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மாள் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார், குடிக்கவில்லை. சண்டை முடிந்து ஆறு மாசம் கழித்துக் காணவில்லை என்று ஒரு தந்தி வந்ததாம். அதற்கப்புறம் இரண்டு தடவை போலீஸ்காரர்கள் வந்து, ஆள் வீட்டுக்கு வந்தானா, எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அன்றோடு ஊர் முடிவு கட்டிவிட்டது.

"ஓடிப்பூட்டான்னு சொல்றாங்க ஐயா. எம்பொண்ணு இஸ்கோலுக்குப் போனா, ஓடிப்போனவன் பொண்ணுன்னுதான் கூப்புடறாங்க. ஒரே பேஜாரு. அது வந்து என்னக் கேக்குது, யம்மா, நைனா மெய்யாலுமே ஓடிச்சான்னு. நா இன்னா சொல்றது? எனுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றது? பென்சன் ஆபீஸ்லயும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறாங்க. எனுக்கு வேற ஒண்ணும் வாணாம். அவுரு எங்க கீறாரு, இன்னா ஆனாரு, அத மட்டும் சொல்டுங்க."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். முகம் சங்கடப்பட்டது. "அந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டும்மா" என்றார். நான் டைப் அடித்த தாளை எடுத்துப் படித்தேன். என் கண்ணிலும் தண்ணீர். இந்த அம்மாள் இதோ இப்போது அழப் போகிறார் என்று பயந்துகொண்டே அந்த வரிக்கு வந்தேன். "நாங்கள் இறங்குவதற்கு முன்பே அவன் போய்விட்டான்."

அவர் அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். முகம் முழுக்க வெளிச்சம் வந்தது.

"எங்க போனாராம்?"

நான் தாளை மறுபடி பார்த்தேன்.

"எங்க போனாருன்னு எழுதிக்கீதா கண்ணு?"

பேராசிரியர்தான் பதில் சொன்னார். மெதுவாக, இதமாகத்தான் சொன்னார். "எங்கேன்னு தெரியலம்மா. குளிர் தாங்கல போலிருக்கு. கூட இருந்தவரோட கம்பளியையும் எடுத்துக்கிட்டு, உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே காவலை விட்டுப் போயிட்டார். அந்த நிலைமையில அது பெரிய தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப உசுரோட கீறாரா?"

"அது தெரியாதும்மா. இருக்கலாம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. பாலைவனம் இல்லை, காவலை விட்டு ஓடியதுதான் 'டெஸர்ட்டட்' என்று விளங்கியது. பழி தீர்ந்தது என்று அவர் சொன்னதும் விளங்கியது. செத்துப்போன மனிதனைக் கம்பளி திருடிக்கொண்டு ஓடினவன் ஆக்கி, எட்டு இடத்தில் கார்பனோடு அடித்துக் கொடுத்திருக்கிறேன். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"இல்ல சார்! அப்டி இல்ல சார்!" என்று கத்தினேன். "அந்தாளு ஓடல. பெட்டியத் தொறங்க. கடுதாசிய எடுங்க."

அந்த வீட்டில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தார். பென்சில் கடிதத்தை வாங்கிக்கொண்டு, நானும் தரையில் அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தேன். எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே, எங்கள் பேச்சிலேயே படித்தேன். 'நா ஆசுபத்திரில கீறேன்' என்று தொடங்கியதுமே, எளாவூர்க்காரர் குரல் கேட்டது போல அவர் நிமிர்ந்தார். கம்பளி குட்தேன் என்ற இடத்தில் தலையாட்டினார். அடுத்த வரி என் வாயில் வர மாட்டேன் என்றது. வெளிச்சம் இன்னும் அந்த முகத்தில் இருந்தது. நான் வாயைத் திறந்தால் அது அணைந்துவிடும். திறக்காவிட்டால் அந்த மனுஷன் ஓடினவனாகவே இருப்பான்.

"நாங்க எறங்கறதுக்கு முன்னியே" என்றேன். "அவன் பூட்டான் பாவி."

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டார். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பேராசிரியர் என்னையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் மனைவி வந்து அந்த அம்மாளின் முதுகில் கையை வைத்தார். காப்பியில் ஆடை கட்டிவிட்டது.

பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஊர்ல ஓடிப்பூட்டான்னு சொல்லும்போதெல்லாம் சண்டைக்குப் போவேன் கண்ணு. மயிரப் புடிச்சிகினுகூட சண்ட போட்டுக்கீறேன். ஆனா உள்ளுக்குள்ள, இருக்கட்டும், ஓடியே இருக்கட்டும்னு நெனச்சிப்பேன். ஓடினவன் எங்கனா உசுரோடதானே இருப்பான். எவளையாச்சும் கட்டிகினு இருந்தாலும் பரவால்ல, எங்கனா குந்திகினு ரெண்டு வாய் சோறு துன்னுகினு இருந்தா போதும்னு நெனச்சிப்பேன். ஒம்போது வருசமா அப்டித்தான் ஓட்டிகினு வந்தேன்."

மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

பேராசிரியருக்குப் புரிந்திருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் உன்னை அன்னிக்கே கேட்டேனேம்மா, அது என்ன சொல்லுன்னு" என்றார்.

"கேட்டீங்க சார். நான்தான் சரியாச் சொல்லல. வெக்கப்பட்டுகினு பாதி சொன்னேன். பாவிய நான்தான் எடுத்துட்டேன்."

"எடுக்கச் சொன்னது நான்" என்றார். "அத்தியாயமே போச்சு" என்று வாய்விட்டு முனகினார். உடனே தன் வார்த்தையைத் தானே கேட்டு அதிர்ந்தது போல, கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். டின்னிலிருந்து அட்டையை எடுத்து அடித்துத் திருத்தினார். மூன்றாவது வரியில் இப்போது 'பூட்டான் பாவி' என்றே எழுதி, அதன் கீழே 'இறந்துவிட்டான்' என்று எழுதினார்.

அந்தக் கடிதத்தை ஆதாரமாக வைத்து ராணுவ அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பலாம் என்று அவர்தான் சொன்னார். ஆனால் ஒன்று. அனுப்பினால் அந்த அம்மாள் தன்னை விதவை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அனுப்பாவிட்டால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அவசரம் இல்லை" என்றார்.

அந்த அம்மாள் மஞ்சள் கயிற்றைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு கேட்டா சொல்லணும் இல்ல" என்றார். "எழுதுங்க. அவுரு ஓடலன்னு பெர்சா எழுதுங்க."

நான் அடித்தேன். 'இறந்த சிப்பாயின் மனைவி' என்று அடித்து, ரப்பர் போட்டு, 'விதவை' என்று அடித்தேன். அவர் கட்டை விரலை உருட்டினார். மை பட்ட விரலை எதில் துடைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தூக்கியபடியே வைத்திருந்தார்.

அதற்குப் பின் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த விண்ணப்பம் எந்தெந்த மேஜைக்கோ போனது. மூலக் கடிதத்தை மொழிபெயர்த்த யாரோ ஒரு புண்ணியவான், பேராசிரியரைப் போலவே பூட்டானை நாடாக்கி, பூட்டானில் அவர் எங்கே வசிக்கிறார் என்று கேட்டு எழுதினான். நானும் பேராசிரியரும் மாறி மாறிப் பதில் எழுதினோம். 'பாவி' என்ற ஒற்றைச் சொல்லுக்கு அவர் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினார், இங்கிலீஷில். கடைசியில் பணியில் இருந்தபோது இறந்தார் என்று தாள் வந்தது. புத்தகமும் வந்தது. கர்னலின் மகனுக்குத் திருத்திய அத்தியாயம் பிடிக்கவில்லை, செத்தவனைத் தேடப் போகாத மேஜர் என்று ஆகிவிட்டதாம். பேராசிரியர் மாற்றவில்லை. முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் இன்றுவரை முழுதாகப் படித்ததில்லை.

அன்றைக்கு மாலை அந்த அம்மாள் கிளம்பினார். அந்த வீட்டில் எந்தப் பெண் வந்தாலும், போகும்போது குங்குமம் கொடுத்து அனுப்புவது வழக்கம். பேராசிரியரின் மனைவி பழக்கத்தில் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகுதான் உறைத்தது. சிமிழோடு அப்படியே நின்றார்.

"குடுங்கம்மா" என்றார் அந்த அம்மாள். "இன்னிக்கி ஒரு நாளு வெச்சிக்கறேன். பொண்ணு டேசன்ல வந்து நின்னுகினு இருக்கும். நெத்தியப் பாத்தே தெரிஞ்சிகிச்சின்னா அப்பால நா இன்னாத்த சொல்றது."

நானும் அவரோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஒரே ரயில்தானே, செவ்வாப்பேட்டையில் நான் இறங்கிக்கொள்ளலாம். பெட்டியில் கூட்டம் இல்லை. ஜன்னல் பக்கம் எதிரெதிரே உட்கார்ந்தோம். புட்லூர் தாண்டியதும் அவர் என் பையைப் பார்த்தார்.

"கண்ணு, மொதல்ல ஒரு தாளு படிச்சியே. அது எங்க?"

"அது தப்புக்கா. கிழிச்சிப் போடறதுக்கு எட்துகினு வந்தேன்."

"கிழிச்சிட்டியா?"

"இல்ல. பையிலதான் கீது."

"இன்னொரு தபா படி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அது தப்பு என்று மறுபடி சொல்ல வாய் எடுத்தேன். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். தாளைப் பிரித்தேன். நாங்கள் இறங்குவதற்கு முன்பே அவன் போய்விட்டான் என்று, என்னுடைய சுத்தமான தமிழில் படித்தேன்.

"இன்னொரு தபா."

செவ்வாப்பேட்டை வந்தது. நான் இறங்கவில்லை. பேசின் பிரிட்ஜ் வரைக்கும் அதையே படித்துக்கொண்டு போனேன்.